காதுக்கு வெள்ளெழுத்து

என் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. "தம்புரா இப்போதுதான் மூச்சு விடுகிறது." கையெழுத்து என்னுடையதுதான், கீழே தேதிகூடப் போட்டிருக்கிறேன். மார்கழிக் கச்சேரிகள் முடிந்து பத்து நாள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதியது. அதை அடித்துவிடவும் மனம் வரவில்லை, அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விஷயம் ஒரு டாக் பற்றியது. டிஜிட்டல் எண்களை மின்சார அலையாக மாற்றித்தரும் பெட்டி. ("சாரோட டாக் நம்ம வீட்டுல ஒன்றரை மாசம் இருக்கும்" என்று நான் சொன்னபோது, "அதை வாக்கிங் யார் கூட்டிட்டுப் போறது?" என்று மனைவி கேட்டாள். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வீட்டில் எல்லாம் இந்த வசனம் ஒருமுறையாவது வந்திருக்கும்.) நண்பர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மகனைப் பார்க்க வெளிநாடு கிளம்பினார். மூன்றரை லட்ச ரூபாய்ப் பெட்டியைப் பூட்டிய வீட்டில் விட்டுப்போக அவருக்கு மனமில்லை. "வச்சுக் கேளுப்பா, வந்து வாங்கிக்கறேன்" என்று பதினோரு கிலோ கனமுள்ள அந்த அலுமினியப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பதினான்காயிரம் ரூபாய், உள்ளங்கை அளவு, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் இருபது வருடமாகச் சீட்டுப் பணம், போனஸ் என்று சேர்த்து வாங்கியவை, இரண்டும் சேர்ந்து ஒரு சின்னக் காரின் விலை வரும். அவற்றுக்கு முன்னால் இந்தச் சோப்புப் பெட்டியா என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் பெரியவர் வந்து அலமாரியில் உட்கார்ந்ததும் ஏதோ கல்யாண வீட்டுக்குச் சம்பந்தி வந்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு. வீட்டில் இரண்டுக்கும் பெரியவர், சின்னவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் நான் எழுதிய குறிப்புகளைப் படித்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. "மிருதங்கத்தின் தொப்பியில் தோலின் ஈரம் தெரிகிறது." "பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவர் கேட்கிறது." சுவர் எப்படிக் கேட்கும் என்று யாராவது கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். தம்புராவைப் பற்றிய வரி அந்தப் பக்கத்தின் கடைசியில் வருகிறது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் சின்னப் பஞ்சு நூலைச் சொருகுவார்களே, அதை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஸ்வரத்துக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் மலரும். அந்த மலர்ச்சிதான் பெரியவரில் வந்தது, சின்னவரில் வரவில்லை. சத்தியம் செய்து சொல்லியிருப்பேன்.

எடைக்கற்கள்

பெரியவர் ஏணி வகை. ரெசிஸ்டர்களை, அதாவது மின்தடைகளை, ஏணி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது டிஜிட்டல் எண்ணின் ஒவ்வொரு இலக்கத்துக்கும், ஒரு படி. எனக்கு இது மளிகைக்கடைத் தராசாகத்தான் விளங்கியது. பதினாறு எடைக்கற்கள், ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரு மடங்கு. மிகச் சின்னக் கல் ஒரு அரிசி எடை என்றால் மிகப் பெரியது 32,768 அரிசி. இதில் சிக்கல் எங்கே என்றால், பெரிய கல்லில் வருகிற பிழை ஒரு அரிசிக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் சின்னக் கற்களைத் துல்லியமாகச் செய்து பயனில்லை. 0.01 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர் என்பது விலை கூடிய ரகம்தான், அதுவே இங்கே மூன்று அரிசிக்கு மேல் பிழை விடும். அதனால் பொறுக்கி எடுப்பது, ஜோடி சேர்ப்பது, பிழையைக் கணக்கிட்டு ஈடுகட்டுவது என்று கைவேலை ஏறுகிறது. விலையும் ஏறுகிறது.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1982-ல் குறுந்தகடு வந்தபோதே சோனி தன் முதல் பிளேயரில் 16 பிட் மாற்றியைப் போட்டது. பிலிப்ஸ் 14 பிட் சிப்பைத்தான் வைத்தது. ஆனால் தட்டில் ஒலியை அளந்து பதிந்திருக்கும் வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்பதை நான்கு மடங்காக்கி ஓட்டி (இதற்கு ஓவர்சாம்பிளிங் என்று பெயர்), குறைந்த பிட்டுகளை வேகத்தால் சரிக்கட்டியது. கல்லின் துல்லியத்துக்குப் பதில் கையின் வேகம். இன்றைய டெல்டா-சிக்மா சிப்புகள் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள். ஒரு சில சின்னக் கற்களையே வினாடிக்குப் பல லட்சம் முறை வைத்து எடுத்துச் சராசரியில் எடையைக் கொண்டுவந்துவிடுகின்றன. நம் சின்னவர் அந்த ஜாதி.

சின்னவரை நான் வாங்கிய கதையே ஒரு பதற்றக் கதை. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானில் நொபேயோகா ஊரில் இருந்த ஏகேஎம் சிப் ஆலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. ஆடியோ உலகம் பாதி அந்தச் சிப்பை நம்பி இருந்தது. இனி அந்தக் கம்பெனி பெருமையாகச் சொல்லும் வெல்வெட் ஒலி கிடைக்காது என்ற பேச்சில் நானும் மயங்கி, கையிருப்பில் கிடைத்த ஒன்றை அவசரமாக வாங்கினேன். அப்புறம் என்ன நடந்தது? பல தயாரிப்பாளர்கள் வடிவமைப்பை மாற்றி இஎஸ்எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சிப்புக்குத் தாவினார்கள். அளவீட்டில் பல சமயம் முந்தியதைவிட நன்றாகவே இருந்தது. வெல்வெட் போய்விட்டதே என்று அழ வேண்டிய நாங்கள் யாரும் அழவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தராசில் ஒரு விரல்

மூன்றாவது வாரம் ஸ்பீக்கரில் மெல்லிய ஹம் கேட்க ஆரம்பித்தது. எர்த்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து மல்டிமீட்டரை எடுத்தேன். கடைசியில் குற்றவாளி டிவிக்கு வரும் கேபிள். அதைப் பிடுங்கியதும் ஹம் நின்றது, வீட்டில் வேறொரு சத்தம் ஆரம்பித்தது. அதை விடுங்கள். மீட்டர் கையில் இருந்தது, மதியம் முழுக்க வேறு வேலை இல்லை. 60 ஹெர்ட்ஸ் சோதனைத் தொனியை ஓடவிட்டேன். (1000 ஹெர்ட்ஸில் அளக்கச் சொல்வார்கள். நம்மிடம் இருக்கும் சாதா மீட்டர் வீட்டு மின்சாரத்தை அளக்கப் பிறந்தது, அந்த அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் அதை நம்பலாம்.) சின்னவரின் வெளியீடு 2.00 வோல்ட். பெரியவர் 2.24.

கால் வோல்ட்தானே என்று நீங்கள் நினைக்கலாம், நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் ஒரு டெசிபெல். ஒரு டெசிபெல்லின் குணமே விசித்திரமானது. மூன்று டெசிபெல் கூட்டினால் யாரும் "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு டெசிபெல் கூடினால் அப்படித் தோன்றாது. தெளிவு கூடிவிட்டது, உடம்பு வந்துவிட்டது, மூச்சு வந்துவிட்டது என்றுதான் தோன்றும். 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டிய வளைகோடுகள் இருக்கின்றன. ஒலியளவு ஏற ஏற, கீழ்ஸ்தாயி நம் காதில் மற்றதைவிட வேகமாக எழும்பும். பெரியவர் தன் நல்ல குணங்களோடு தராசில் ஒரு விரலையும் வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வோல்ட் என்பது வழக்கம்தானே தவிரச் சட்டம் இல்லை.

பெரியவரில் ஒலியளவுக்கு ஒரு டெசிபெல் படிகள் உண்டு. ஒரு படி இறக்கினேன். மீட்டர் 1.99 காட்டியது. அன்று இரவு அதே தம்புரா. எனக்குள் ஏதோ மெதுவாகச் சரிந்தது. ஆனாலும் மூச்சு இருக்கிறது என்றே சாதித்தேன். பார்த்துக்கொண்டு கேட்கும்போது பதினோரு கிலோ அலுமினியமும் சேர்ந்துதானே பாடுகிறது!

சரி, பார்க்காமல் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். சொல்வது சுலபம், செய்வது அப்படியில்லை. சிடி டிரான்ஸ்போர்ட்டின் (தட்டைப் படித்து எண்களை மட்டும் வெளியே தரும் கருவி) கோஆக்ஸியல் வெளியீடு பெரியவருக்கு, ஆப்டிகல் சின்னவருக்கு, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஆம்ப்ளிஃபயரில் பொத்தானை மாற்றினால் ஆள் மாறும். முதல் தடவை முயன்றதும் ஒரு ஓட்டை தெரிந்தது. இரண்டு பெட்டிகளும் எண்ணை வாங்கி ஒலியாகத் தர எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றல்ல. நேராக மாற்றினால் தாளம் இம்மி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி மௌனம். ஆம்ப்ளிஃபயரின் ரிலே "டிக்" என்பது இன்னொரு துப்பு, ஆகவே மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பொத்தானை இரண்டு முறை தட்ட வேண்டும். எதைப் போடுவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் மனித மனம் அடுத்தடுத்து ஒன்றையே போடத் தயங்கும், அந்தத் தயக்கத்தையே பிடித்துக்கொண்டு கேட்பவர் ஊகித்துவிடுவார்.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகளைக் கெஞ்சிக் கூத்தாடிப் பொத்தான் வேலைக்கு உட்கார வைத்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது, பாட்டு கேட்பதெல்லாம் காதில் சொருகும் ப்ளூடூத் குமிழில். பதினாறு சுற்று. அதில் பன்னிரண்டு சரியாகச் சொன்னால் அதிர்ஷ்டத்தால் சொன்னேன் என்று ஒதுக்குவது கஷ்டம், அந்த வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. நான் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணை மூடி, தம்புராவுக்குள் போய், வெகு நிச்சயமாகப் பதில் சொன்னேன்.

ஒன்பது.

நாணயத்தையே பதில் சொல்ல விட்டிருந்தாலும் சராசரியாக எட்டு சொல்லியிருக்கும். பாஸ்டன் பக்கம் மேயரும் மோரனும் 2007-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை நினைவுக்கு வந்தது. உயர் தெளிவு ஒலித்தட்டுகளின் பாதையில் ஒரு சாதாரண சிடி தரத்தை இடையில் நுழைத்தால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். 554 சுற்றில் 276 சரி. அதைப் படித்தபோது, அவர்களுடைய காதும் கருவியும் சரியில்லை என்று ஒரு நண்பர் கூட்டத்தில் நான் வாதாடியிருக்கிறேன். கை தட்டினார்கள்.

ஜால்ரா

இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. எல்லா டாக்கும் ஒன்றுதான், காசைக் கரியாக்காதீர்கள் என்று ஒரு பாரா எழுதிவிட்டுப் போயிருப்பேன். அப்படி எழுதியவர்கள் ஏராளம். ஆனால் பொத்தான் தட்டித் தட்டி அலுத்துப்போன மகள், "நான் ஒரு தடவை உட்காரட்டுமாப்பா?" என்றாள். சோபாவில் கால்களை மடக்கிப் போட்டுக்கொண்டாள். தம்புரா வேண்டாம், தூக்கம் வருகிறது என்று அவளாகவே ஒரு நாமசங்கீர்த்தனத் தட்டை எடுத்துப் போட்டாள். ஹார்மோனியம், டோலக், ஊரே சேர்ந்து தட்டும் ஜால்ரா. நான் நாணயம் சுண்டிப் பொத்தான் தட்டினேன்.

அவள் கண்ணைக்கூட மூடவில்லை. பாதி நேரம் போனில் ஏதோ தடவிக்கொண்டிருந்தாள். "முதல் ஆள். முதல் ஆள். ரெண்டாவது." நான் தாளில் குறித்துக்கொண்டே போனேன். ஆறாவது சுற்றில் என் கை கொஞ்சம் நடுங்கியது. பத்தாவதில், நான்தான் ஏதோ முகத்தில் காட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்து, அலமாரிக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டேன். (வித்தியாசமே கேட்காதவன் முகத்தில் எதைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பது அப்புறம்தான் தோன்றியது.) பதினாறில் பதினான்கு. குருட்டு அதிர்ஷ்டத்தில் இது நடக்க ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புத்தான் உண்டு.

"எப்படிம்மா சொன்னே?"

"இது என்னப்பா பெரிய விஷயம்? ஒண்ணுல ஜால்ரா மழுங்கிக் கேக்குது. துணி போட்டு மூடின மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?"

மழுங்கியது எது என்று தாளைப் பார்த்தேன். பெரியவர்.

எனக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. பெரியவரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓவர்சாம்பிளிங் இல்லாத நிலை என்பதற்கான விளக்கு. நண்பர் அப்படித்தான் கேட்பார் போல, நானும் அதைத் தொடவே இல்லை. அந்த நிலையில் ஒவ்வொரு மாதிரியும் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கும், அலை படிக்கட்டாக வெளியே வரும். அதற்கென்று ஒரு விலை இருக்கிறது. தனியாக ஈடுகட்டாவிட்டால், சிடியில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல் குறையும், 15,000-ல் ஒன்றே முக்கால், 20,000-ல் மூன்றுக்கும் மேல். அதாவது மேலே போகப்போகத் திரை விழுகிறது. ஜால்ராவின் உயிரே அந்த மேல்மாடியில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஓவர்சாம்பிளிங் நிலைக்கு மாற்றி, வோல்ட்டைத் திரும்பச் சரிபார்த்து, மகளை இன்னொரு பதினாறு சுற்றுக்கு உட்கார வைத்தேன். பிரியாணி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள். ஏழு. "இப்ப ரெண்டும் ஒண்ணுதான், சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றாள்.

ஆக வித்தியாசம் இருந்தது. காகிதத்தில் மட்டும் இல்லை, என் வீட்டு ஹாலில், என் ஸ்பீக்கரில், காதால் கேட்டுச் சொல்லக்கூடிய அளவுக்கு இருந்தது. நான் இரண்டு வாரம் பக்கம் பக்கமாக எழுதிய இடத்தில் அது இல்லை. வேறெங்கோ இருந்தது. அங்கே எனக்கு அனுமதி இல்லை.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தொனியாக ஏற்றிப் பார்த்தேன். எட்டாயிரம், பத்தாயிரம், பதினொன்று. பன்னிரண்டாயிரத்தில் ஏதோ ஒரு நிழல் மாதிரி. பதின்மூன்றில் சுத்த நிசப்தம். திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது, என் தலைக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஐம்பத்துமூன்று வயதுக்கு இது சகஜம்தான், ஒன்றும் வியாதி இல்லை. நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்தபோது அதற்கு வெள்ளெழுத்து என்று ஒரு பெயர் இருந்தது. அம்மாவுக்கு வந்தது, மாமாவுக்கு வந்தது, எனக்கும் வந்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். காதுக்கு வரும் இதே விஷயத்துக்கு நம்மிடம் இப்படி ஒரு வீட்டுப் பெயர் இல்லை. செவிடு என்ற முழு வசவுதான் இருக்கிறது. எழுத்து மங்கினால் உடனே தெரிகிறது. ஜால்ராவின் மேல்மாடி காணாமல் போனால் காணாமல் போனதே தெரிவதில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில்தான் நான் நண்பர்களுக்கு மேல்ஸ்தாயியின் பட்டுத்தன்மை பற்றி அதிகமாக உபதேசம் செய்திருக்கிறேன்.

இதிலிருந்து பெரியவர் மட்டம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் தப்பு. பழைய பதிவுகளில் கூர்மை துருத்திக்கொண்டு நிற்கும்போது அந்தத் திரை இதமாக இருக்கும் என்பதை நம்புகிறேன். இளம் காதுள்ள ஒருவர் அதற்காகவே அதை விரும்பி வாங்கலாம். 2016-ல் ரைஸ் என்பவர் பதினெட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து, உயர் தெளிவு ஒலியைச் சரியாகப் பிரித்தறிந்தது மொத்தச் சுற்றுகளில் 52.3 சதவீதம் என்றும், பயிற்சி பெற்றவர்களிடம் அது தெளிவாக ஏறுகிறது என்றும் எழுதினார். அதை முன்பு என் கட்சிக்குச் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். யாருக்குப் பயிற்சி, எந்த வயதில் என்று கேட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ஹால் பதினான்கு அடி நீளம். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சுவருக்குச் சுவர் ஒரு அலை நின்றுகொண்டு, சோபாவில் பத்து டெசிபெல்வரை வீங்குகிறது. அது மகளுக்கும் கேட்கும், எனக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதற்கு இருபது வருடமாக நான் செய்தது, ஸ்பீக்கருக்கு அடியில் விலை உயர்ந்த கூம்பு ஆணிகளை வைத்தது.

நண்பர் மாசிக் கடைசியில் திரும்பி வந்தார். பெட்டியை அவரே வந்து எடுத்துக்கொண்டார். காபி குடித்துக்கொண்டே, "எப்படி இருந்தது? தம்புரா கேட்டியா?" என்றார். கேட்ட கேள்வியிலேயே அவருடைய குறிப்பேட்டிலும் அதே மாதிரி ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். 2.24, ஒன்பது, பதினான்கு, ஏழு. ஜால்ரா. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வெகு நேரம் பெட்டியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று வயது அவருக்கு.

"உன் பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வராதேப்பா" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பெட்டியைத் தூக்கி அவர் காரின் பின் இருக்கையில் வைத்து, பிரேக் போட்டால் உருளாமல் இருக்கத் தலையணையை அண்டக்கொடுத்து அனுப்பினேன். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. பேரன் பேச்சு, முட்டி வலி, பென்ஷன் பாக்கி எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், அந்த மீட்டர் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று சொன்னேன்.